கடலில் மிதக்கும் நுண்விலங்குகளை ஒலியால் அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பை அனுப்புகிறோம். கீழே ஏதோ மிதக்கிறது, அதில் பட்டு ஒலி திரும்புகிறது. அந்த ஏதோ ஒன்று இறால் போன்ற கிரில்லா, ஓடுள்ள நத்தையா, கண்ணாடி மாதிரியான சால்ப்பா என்று ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும், சில நிபந்தனைகளோடு. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அந்த நிபந்தனைகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். எதிரொலியின் பலத்தை நிறங்களாகக் காட்டும் எதிரொலிப் படத்தில் சிவப்பாகத் தெரிந்தால் உயிர் நிறைய இருக்கிறது என்று படிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் சரிசெய்யவே இதை எழுதுகிறேன்.

விலங்கு மிதவையுயிரி என்ற பெயரில் எவையெல்லாம் அடங்கும்?

நீரோட்டத்தை எதிர்த்து நெடுந்தூரம் நீந்த முடியாமல் அதன் போக்கிலேயே அலையும் விலங்குகள் எல்லாமே அடங்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள, இறாலுக்குத் தூரத்து உறவான கோப்பிபாட்கள், ஆறு சென்டிமீட்டர் வரை வளரும் அண்டார்க்டிக் கிரில், ஓட்டைச் சுமந்துகொண்டே நீந்தும் டெரோபாட் நத்தைகள், குழாய் வடிவ சால்ப்கள், ஜெல்லிமீன்கள், மீன்களின் இளம்பருவங்கள், மீட்டர் கணக்கில் நீளும் சரங்களான சைபனோபோர்கள் என்று பட்டியல் போகும். உடலமைப்பில் இவற்றுக்குள் உறவு மிகக் குறைவு. ஒன்றுக்கு ஓடு உண்டு, இன்னொன்று கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர், வேறொன்றுக்குள் வாயுக்குமிழ் இருக்கிறது. அடையாளம் காணும் வேலைக்கு இந்த வேறுபாடுதான் கைகொடுக்கிறது.

இவை ஒலி எழுப்புமா? நாம் எதைக் கேட்கிறோம்?

திமிங்கிலம் பாடுவதைப் போல இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. நாம் ஒலியை அனுப்புகிறோம், இவற்றின் உடலில் பட்டுச் சிதறித் திரும்புவதைக் கேட்கிறோம். அனுப்புவதும் கேட்பதும் டிரான்ஸ்டியூசர் என்ற ஒரே கருவிதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. 300 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு கூட்டத்தின் எதிரொலி போய்த் திரும்ப 0.4 நொடி ஆகும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பது ஆழத்தைச் சொல்லிவிடும், அதில் சிக்கல் அதிகமில்லை. எவ்வளவு வலுவாகத் திரும்பியது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

வலையும் கேமராவும் இருக்கும்போது ஒலி எதற்கு?

தெளிந்த கடலில்கூட சுமார் 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மிக மங்கிவிடும். கேமரா தன் விளக்கோடு இறங்கினாலும் அதன் கண்ணுக்கு எதிரே இருக்கும் கொஞ்சம் தண்ணீரைத்தான் பார்க்கும். வலை ஒரு கோட்டில் இழுபடுகிறது. வலை வருவதைக் கண்டு கிரில் விலகிப் போய்விடும். சால்ப், சைபனோபோர் போன்ற குழைவான உடல்கள் வலைக்குள் சிதைந்து, மேலே வரும்போது அடையாளமே இல்லாமல் போய்விடும். கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது மேற்பரப்பிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே போவது ஒலியால் மட்டுமே முடிகிற காரியம்.

ஆனாலும் ஒலி பெயர் சொல்லாது. வலை பெயர் சொல்லும், பரப்பைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாத ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

முதன்முதலில் இது எப்படித் தெரியவந்தது?

தேடியது நீர்மூழ்கிக் கப்பலை, கிடைத்தது உயிர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், கலிபோர்னியாவுக்கு அப்பால் ஜாஸ்பர் என்ற கப்பலில் நீரடி ஒலியை ஆராய்ந்துகொண்டிருந்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரெய்ட் மூவரும் நடுக்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒலியைச் சிதறடிக்கும் ஓர் அடுக்கைக் கண்டார்கள். உண்மையான கடல்தரை அதற்கு வெகு கீழே இருந்தது. ஆழம் அளக்கும் கருவிக்கு அது தரை போலவே தோன்றியதால் ‘பொய்த்தரை’ என்றும் சொன்னார்கள்.

அது என்ன என்ற கேள்விக்கு நல்ல துப்பு 1945இல் கிடைத்தது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் உயிரியலாளர் மார்ட்டின் ஜான்சன், அந்த அடுக்கு மாலையில் மேலே ஏறி விடியலில் கீழே இறங்குவதைக் காட்டினார். நீரின் வெப்பநிலை மாற்றமோ உப்பு மாற்றமோ சூரியனைப் பார்த்து இப்படி ஏறி இறங்காது. அது உயிருள்ள கூட்டமாகத்தான் இருக்க வேண்டும். இன்று அதை ஆழ்சிதறல் அடுக்கு என்கிறோம். தினமும் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம், உடல் எடைக் கணக்கில் பூமியிலேயே மிகப் பெரிய விலங்கு இடப்பெயர்ச்சி. இரவில் மேலே தின்றதைப் பகலில் ஆழத்தில் கழிவாகவும் மூச்சாகவும் விடுவதால், கரிமத்தை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் பாதைகளில் இதுவும் ஒன்று. இந்த உயிர்களை எண்ணத் தெரியாவிட்டால் அந்தக் கரிமக் கணக்கும் நமக்குத் தெரியாது.

கிட்டத்தட்டத் தண்ணீராகவே இருக்கும் உடலிலிருந்து எதிரொலி எப்படி வருகிறது?

சுற்றியுள்ள நீருக்கும் உடலுக்கும் இடையே அடர்த்தியிலோ ஒலிவேகத்திலோ வித்தியாசம் இருந்தால் போதும், ஒலி சிதறும். கிரில்லின் உடல் கடல்நீரைவிட 3 முதல் 4 சதவீதம்தான் அடர்த்தி கூடியது, அதற்குள் ஒலி செல்லும் வேகம் 3 சதவீதம் வரைதான் கூடுதல். இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் நம் கணக்கு முழுவதும் நிற்கிறது. வித்தியாசம் இவ்வளவு சிறியது என்பதால், அதை அளப்பதில் ஒரு சதவீதம் பிசகினாலும் கடைசியில் வரும் எண்ணிக்கை பெரிதாக மாறிவிடும்.

சில கோப்பிபாட்கள் குளிர்காலத்துக்காக உடலில் நிறைய எண்ணெய் சேர்த்து வைக்கும். எண்ணெய் நீரைவிட லேசு. அதனால் அதே இனம் ஒரு பருவத்தில் ஒருவிதமாகவும் இன்னொரு பருவத்தில் வேறுவிதமாகவும் எதிரொலிக்கும். ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா உடலும் ஒரே மாதிரி எதிரொலிக்காதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒலியின் கண்ணில் மூன்று வகை உடல்கள் உண்டு. 1990களில் ஸ்டான்டன், சூ, வீபே ஆகியோர் செய்த தொட்டி அளவீடுகளும் கணித மாதிரிகளும் இந்தப் பிரிவை உறுதிப்படுத்தின. முதல் வகை திரவம் போன்ற உடல்: கோப்பிபாட், கிரில், சால்ப். இவற்றின் எதிரொலி பலவீனமானது. இரண்டாவது, கடினமான ஓடுள்ள உடல்: டெரோபாட் நத்தைகள். ஓட்டின் மேற்பரப்பிலேயே ஒலி பலமாகத் திரும்பிவிடும். மூன்றாவது, வாயு கொண்ட உடல்: மிதவைக்குமிழ் உள்ள சைபனோபோர்கள், காற்றுப்பை வளர்ந்துவிட்ட மீன் குஞ்சுகள். நீருக்கும் வாயுவுக்கும் இடையே வித்தியாசம் பிரம்மாண்டமானது. ஒரு சின்னக் குமிழ்கூடத் தன் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் உரக்கப் பதில் சொல்லும்.

இதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். ஸ்டான்டன் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே எடையுள்ள நத்தைகளும் சால்ப்களும் தரும் எதிரொலி ஆற்றலை வைத்துப் பார்த்தார்கள். நத்தைகளுடையது சுமார் 19,000 மடங்கு அதிகம். ஆகவே படத்தில் பளிச்சென்று தெரியும் பட்டையில் சில டெரோபாட்கள் மட்டும் இருக்கலாம். அதன் அருகே வெறுமையாகத் தெரியும் இடத்தில் பல டன் சால்ப் மிதந்துகொண்டிருக்கலாம். ஆகவே எதிரொலியின் பலம் எத்தனை உயிர்கள் என்பதைச் சொல்லாது. எந்த வகை உடல் என்று தெரிந்த பிறகுதான் அந்த பலத்தை எண்ணிக்கையாக மாற்ற முடியும். அடையாளம் முதலில், அளவு அப்புறம். வரிசை மாறினால் விடை தப்பு.

டெசிபலில் சொல்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. ஓர் உடல் எவ்வளவு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை இலக்கு வலிமை என்பார்கள். எண் எதிர்மறையாக இருக்கும், எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பலவீனம். காற்றுப்பை உள்ள நடுத்தர அளவு மீனுக்கு அது மைனஸ் 30களில் இருக்கும். வளர்ந்த கிரில் ஒன்றுக்கு மைனஸ் 70களில் இருக்கும். இடையில் 40 டெசிபல், அதாவது 10,000 மடங்கு. கிரில் கூட்டத்துக்குள் சில மீன்கள் புகுந்தாலே கணக்கு குழம்பிவிடுவது இதனால்தான்.

எந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்த வேண்டும்?

ஒன்று போதாது. ஏன் என்று பார்ப்போம்.

அதிர்வெண் கூடக்கூட அலைநீளம் குறையும். 38 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 4 சென்டிமீட்டர், 120இல் ஒன்றேகால் சென்டிமீட்டர், 200இல் ஏழரை மில்லிமீட்டர். உடல் அலைநீளத்தைவிட மிகச் சின்னதாக இருந்தால் அது ராலே சிதறல் என்ற விதிக்குள் வரும். அந்த விதிப்படி அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் எதிரொலி 16 மடங்காகும். உடலின் ஆரம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமும் இதே விதிதான், அங்கே ஒளிக்கு, இங்கே ஒலிக்கு. அலைநீளத்துக்கு இணையாக உடல் வளர்ந்ததும் இந்த ஏற்றம் நின்றுவிடும். அதற்கு மேல் எதிரொலி ஏறியும் இறங்கியும் ஆடும்.

அப்படியானால் உயர்ந்த அதிர்வெண்ணையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கடல்நீர் உயர்ந்த அதிர்வெண்ணை வேகமாக விழுங்கிவிடும். நீரில் கரைந்துள்ள மெக்னீசியம் சல்பேட் அதற்கு முக்கியக் காரணம். 38 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆயிரம் மீட்டர் ஆழம் வரை பயன்தரும். 120 கிலோஹெர்ட்ஸ் ஏறத்தாழ 250 மீட்டரோடு நின்றுவிடும். கோப்பிபாட்களை நன்றாகக் காட்டக்கூடிய மெகாஹெர்ட்ஸ் ஒலி சில மீட்டர்களைத் தாண்டாது. அதனால் அந்தக் கருவியையே கயிற்றில் கட்டி உயிரிகளுக்கு நடுவே இறக்க வேண்டும். ஆய்வாளர்கள் ஹாலிடேயும் பீப்பரும் அப்படித்தான் 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை 21 அதிர்வெண்களில் கேட்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். எந்தெந்த அளவு உடல்கள் எத்தனை இருந்தால் இந்த 21 பதில்களும் ஒன்றாகப் பொருந்தும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

பல அதிர்வெண்களை வைத்து எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

மிக எளிய வழி, ஒரே இடத்தின் எதிரொலியை இரண்டு அதிர்வெண்களில் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. 120 கிலோஹெர்ட்ஸ் அளவிலிருந்து 38 கிலோஹெர்ட்ஸ் அளவைக் கழிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சின்ன உடல்களுக்கு ராலே விதிப்படி 120இல் எதிரொலி நூறு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 20 டெசிபல் கூடுதலாக இருக்கும். காற்றுப்பை உள்ள மீன்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம், அல்லது 38இல் கூடுதல். கிரில் இரண்டுக்கும் நடுவில் விழும்.

அண்டார்க்டிக் கிரில்லுக்கு நெடுங்காலம் பயன்பட்ட எல்லை 2 முதல் 16 டெசிபல். வித்தியாசம் அதற்குள் இருந்தால் கிரில், கீழே போனால் மீன் போன்றது, மேலே போனால் கிரில்லைவிடச் சின்ன உயிரி. கூட்டத்தில் எத்தனை பேர் என்பது இரண்டு அதிர்வெண்களிலும் ஒரே எண்தான், ஆகவே கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது உடலின் தன்மை மட்டும். இவ்வளவு சின்னக் கழித்தலில் இவ்வளவு செய்தி கிடைப்பது எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது ‘கிரில் போன்றது’ என்றுதான் சொல்கிறது. அதே அளவும் அதே உடலமைப்பும் உள்ள வேறு இறாலினம் அங்கே இருந்தால் அதுவும் அதே எல்லைக்குள் விழும்.

ஒரே தரவிலிருந்து இரண்டு விடை வருமா?

வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், ரஷ்யா ஆகிய நாடுகளின் நான்கு கப்பல்கள் சேர்ந்து தென் அட்லாண்டிக்கின் அண்டார்க்டிக் பகுதியில் கிரில்லைக் கணக்கெடுத்தன. முதலில் வெளியான மதிப்பு சுமார் 4.43 கோடி டன். பிறகு அதே எதிரொலிகளைப் புதிய கணித மாதிரியை வைத்து மறுபடி கணக்கிட்டார்கள். 2010இல் ஏற்கப்பட்ட மதிப்பு 6.03 கோடி டன். கடலில் ஒரு கிரில்கூடக் கூடவில்லை. ஒரு கிரில்லிலிருந்து எவ்வளவு ஒலி திரும்பும் என்ற நம் புரிதல்தான் மாறியது.

பழைய முறையில் இலக்கு வலிமை நீளத்தை மட்டும் பொறுத்தது. புதிய முறையில் கிரில் எந்தக் கோணத்தில் சாய்ந்து நீந்துகிறது, உடல் எவ்வளவு வளைந்திருக்கிறது, எவ்வளவு பருமன் என்பதும் சேர்ந்தது. படுத்தவாறு நீந்தும் கிரில்லின் முதுகு, மேலிருந்து வரும் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். தலை மேல்நோக்கி நின்றால் அதே கிரில் பல மடங்கு மங்கிவிடும். இதில் விளையாட்டில்லை. அண்டார்க்டிக் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பகுதிக்கு வைத்த 56.1 லட்சம் டன் என்ற முன்னெச்சரிக்கைப் பிடிப்பு வரம்பு இந்த 6.03 கோடியிலிருந்து வந்ததுதான். திமிங்கிலமும் பெங்குவினும் சீலும் கிரில்லை நம்பி வாழும் கடலில், ஒரு சாய்வுக்கோணம் குறித்த ஊகம் இவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது. 2019இல் மறுபடி நடந்த பெரிய கணக்கெடுப்பில் 6.26 கோடி டன் என்று வந்தது. இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிடும்போது முறைகளும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாயுக்குமிழ் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

குமிழ் மணி மாதிரி. தனக்கென்று ஓர் அதிர்வெண் வைத்திருக்கும், அந்த அதிர்வெண்ணில் ஒலி வந்து பட்டால் பலமாக ஒத்ததிரும். மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழின் ஒத்ததிர்வு சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸ். ஆழம் போகப்போக அழுத்தம் கூடும், அதிர்வெண்ணும் அழுத்தத்தின் வர்க்கமூலத்தின்படி ஏறும். 200 மீட்டரில் அழுத்தம் 21 மடங்கு, ஆகவே அதே அளவுள்ள குமிழ் 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். அது மீன் ஆய்வுக்குப் பயன்படும் 18 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. குமிழ் இன்னும் சின்னதாக, 0.4 மில்லிமீட்டராக இருந்தால் நேராக 38 கிலோஹெர்ட்ஸில் விழும்.

சைபனோபோரின் மிதவைக்குமிழ் ஏறத்தாழ இந்த அளவுதான். 1963இலேயே எரிக் பார்ஹாம், சான் டியேகோவுக்கு அப்பால் டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில் இறங்கிப் பார்த்து, சிதறல் அடுக்கு இருந்த ஆழத்தில் சைபனோபோர்கள் குவிந்திருப்பதைக் கண்டு எழுதினார். அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்துகிறது. நடுக்கடல் ஆழத்தில் எவ்வளவு மீன் இருக்கிறது என்ற மதிப்பீடுகள் 100 கோடி டன்னிலிருந்து 1,600 கோடி டன் வரை விரிந்து கிடப்பதற்கு ஒரு காரணம், எதிரொலியில் எந்தப் பங்கு மீனுடையது, எந்தப் பங்கு சைபனோபோருடையது என்று பிரிக்க முடியாததுதான்.

அகலப்பட்டை என்று இப்போது பேசுகிறார்களே?

பழைய எக்கோ சவுண்டர், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியைப் பதியும் கருவி, ஒரே சுருதியில் ஒரு துடிப்பை அனுப்பும். அகலப்பட்டைக் கருவி, கீழிருந்து மேலே ஏறும் ஒரு கீச்சொலியை அனுப்பும், உதாரணமாக 90 முதல் 170 கிலோஹெர்ட்ஸ் வரை. லாபம் இரண்டு. ஒன்று, இரண்டு மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக முழு வளைகோடு கிடைக்கிறது. உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் அனுப்பும் எதிரொலிகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும் அதிர்வெண்களில் வளைகோடு பள்ளம் விழும், பள்ளங்களின் இடைவெளி உடலின் பருமனைச் சொல்லும். இரண்டு, கூர்மை. ஒரு மில்லிநொடி நீளமுள்ள சாதாரணத் துடிப்பால் 75 சென்டிமீட்டருக்கு நெருக்கமான இரண்டு உடல்களைப் பிரிக்க முடியாது. 80 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள கீச்சொலியைக் கணக்கால் சுருக்கினால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியே போதும். கூட்டமாகத் தெரிந்தது தனித்தனி உயிராகப் பிரிய ஆரம்பிக்கும்.

அப்படியானால் இனப்பெயரே சொல்லிவிடலாமா?

ஒலியை மட்டும் வைத்து, பொதுவாக முடியாது. வகையைச் சொல்லலாம், அளவைச் சொல்லலாம். ஒரு பகுதியில் ஓர் இனமே மேலோங்கி இருக்கிறது என்று வலையால் ஏற்கெனவே தெரிந்திருந்தால் அந்த இனத்தின் பெயரையும் வைக்கலாம். கணினிக்குக் கற்றுக்கொடுத்து அதைச் சொல்லவைக்கும் முயற்சிகளுக்கும் இதே வரம்புதான். பயிற்சிக்குக் கொடுத்த எதிரொலிகளுக்குப் பெயர் வைத்தது ஏதோ ஒரு வலைதான். வலை தவறவிட்டதைக் கணினியும் தவறவிடும்.

கருவி சரியாக அளக்கிறதா என்று எப்படித் தெரியும்?

டங்ஸ்டன் கார்பைடு உலோக உருண்டை ஒன்றை, பெரும்பாலும் 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை, மெல்லிய நூலில் கட்டி டிரான்ஸ்டியூசருக்குக் கீழே தொங்கவிடுவார்கள். அதன் எதிரொலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இயற்பியலிலிருந்து துல்லியமாகத் தெரியும், 38 கிலோஹெர்ட்ஸில் சுமார் மைனஸ் 42 டெசிபல். கருவி வேறு எண்ணைக் காட்டினால் திருத்திக்கொள்ளலாம். பல அதிர்வெண்களைக் கழித்துப் பார்க்கும் வேலையில் இது கட்டாயம். ஒரு டிரான்ஸ்டியூசர் 3 டெசிபல் பிசகியிருந்தால் மீன் கிரில் ஆகிவிடும்.

உயிரே இல்லாதவையும் எதிரொலிக்குமா?

எதிரொலிக்கும். அலை உடையும்போது கலக்கும் காற்றுக்குமிழ்கள், கரையோரத்தில் கலங்கிய மணல், கப்பலின் மற்ற கருவிகளின் இரைச்சல் எல்லாம் படத்தில் வரும். பலமாகக் கலக்கும் நீரில் வெப்பமும் உப்பும் நுண்ணளவில் மாறுவதும்கூடச் சில இடங்களில் மிதவையுயிரிக் கூட்டம் போலவே எதிரொலிக்கிறது.

கப்பல் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், அதில் அருமையான முடிவுகளும் வந்திருக்கின்றன. கடல்தரையில் நங்கூரமிட்ட கம்பியில் கருவியைக் கட்டி மாதக்கணக்கில் விட்டுவிடலாம். நீரோட்டத்தை அளக்க வைத்த டாப்ளர் கருவிகளும் எதிரொலியின் பலத்தைப் பதிவு செய்கின்றன. நீரோட்ட ஆய்வாளர்களுக்குத் தேவைப்படாத அந்தப் பதிவு மிதவையுயிரி ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷமாகிவிட்டது.

ஆர்க்டிக் கடலில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழாது. அப்போது ஏற்ற இறக்கம் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட நங்கூரக் கருவிகளின் பதிவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 24 மணிநேரத் தாளம் 24.8 மணிநேரமாக மாறியிருந்தது. அது நிலவு நாளின் நீளம். முழுநிலவை ஒட்டிய நாட்களில் மேலே இருந்த உயிரிகள் சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கின. சூரியன் இல்லாத இருட்டில் அவை நிலவுக்கு அஞ்சி ஒளிகின்றன என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். அந்தப் பனிக்கடல் இருட்டுக்கு ஒரு வலையோடு போய் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஒரே அதிர்வெண் கொண்டவை. எப்போது ஏறின, எப்போது இறங்கின என்பதை நம்பலாம். யார் ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

இந்த ஒலி உயிர்களைத் துன்புறுத்துமா?

எக்கோ சவுண்டர் துடிப்புகள் குறுகியவை, குறுகிய கற்றையாகக் கீழ்நோக்கிப் போகும். ஆனாலும் பல்லுள்ள திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இந்த அதிர்வெண்களில் பலவற்றைக் கேட்கக்கூடியவை, ஆகவே அவை அருகே இருக்கும்போது நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து. கடலடியில் எண்ணெய் தேட, அழுத்திய காற்றைச் சட்டென விடுவித்து எழுப்பும் வெடியொலி முற்றிலும் வேறு ரகம். டாஸ்மேனியாவுக்கு அருகே செய்து 2017இல் வெளியான ஆய்வில், அந்த ஒலிக்குப் பின் 1.2 கிலோமீட்டர் வரை மிதவையுயிரிகளின் இறப்பு கூடியது பதிவானது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக்கூடாது.

ஓர் எதிரொலிப் படம் கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தைப் பார்க்காதீர்கள். எந்த அதிர்வெண், எப்போது உருண்டை வைத்துச் சரிபார்த்தார்கள், பகலா இரவா என்று மூன்றையும் முதலில் தேடுங்கள். அப்புறம் அதே இடத்தின் இன்னோர் அதிர்வெண் படத்தைப் பக்கத்தில் வைத்து, எந்தப் பட்டை எதில் பளிச்சென்று இருக்கிறது, எதில் மறைகிறது என்று பாருங்கள். 38இல் பலமாகத் தெரிந்து 120இல் மங்கினால் குமிழைச் சந்தேகப்படலாம். 120இல் தெரிந்து 38இல் இல்லாமல் போனால் சின்ன, திரவம் போன்ற உடல். அதோடு வலை எந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு இழுக்கப்பட்டது என்ற குறிப்பைத் தேடுங்கள். வலை 50 மீட்டரில் இழுபட்டு, பட்டை 180 மீட்டரில் இருந்தால், வலையில் வந்த பெயரை அந்தப் பட்டைக்கு ஒட்டாதீர்கள்.